புரூஸ் லீ சிலை, மோஸ்தார்

புரூஸ் லீ சிலை என்பது பாஸ்னியா ஹெர்ஸெகோவினா நாட்டின் தென்பகுதியில், நெரேத்வா ஆற்றின் இரு கரைகளிலும் பரவியுள்ள மோஸ்தார் நகரின் பொதுப்பூங்காவில், சீன-அமெரிக்கத் தற்காப்புக் கலைஞரும் திரைப்பட நடிகருமான புரூஸ் லீயின் (1940-1973) நினைவாக நிறுவப்பட்ட, பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலையாகும். குரோஷியச் சிற்பி இவான் ஃபியோலிச் வடித்த இச்சிலை 2005 நவம்பர் 26 அன்று திறந்துவைக்கப்பட்டது. ஹாங்காங் நகரில் எழுப்பப்பட்ட புரூஸ் லீ சிலை அதற்கு மறுநாளே திறக்கப்பட்டதால், அக்கலைஞருக்குப் பொது இடத்தில் அமைந்த உலகின் முதல் சிலை என்னும் பெருமை மோஸ்தார் சிலைக்கே உரியது. லீ பிறந்த சான் பிரான்சிஸ்கோவோ, வளர்ந்த ஹாங்காங்கோ, அடக்கம் செய்யப்பட்ட சியாட்டிலோ முந்திக்கொள்ளாத இச்செயலை, அவருடைய வாழ்க்கையோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத ஒரு பால்கன் நகரம் செய்தது ஏன் என்பதை, அந்நகரின் வரலாற்றையும் அங்கு நினைவுச்சின்னங்கள் வகித்துவந்த பங்கையும் கொண்டே அறிய முடியும்.

நகரமும் அதன் பிளவும்

மோஸ்தார் நகரம் பாலத்தால் பெயர் பெற்றது, பாலத்தாலேயே வளர்ந்தது. உதுமானியப் பேரரசர் முதலாம் சுலைமானின் ஆணைப்படி, புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சினானின் மாணவர் ஹைருத்தீன் 1557 முதல் 1566 வரை கட்டிய பழைய பாலம், ஏறத்தாழ 29 மீட்டர் அகலமுள்ள ஆற்றை ஒற்றை வளைவில் கடந்து நின்றது. அப்பகுதியில் வெட்டியெடுக்கப்படும், தெனெலியா எனப்படும் வெளிர்நிறச் சுண்ணக்கல்லால் ஆன அவ்வளைவின் உச்சியிலிருந்து இளைஞர்கள் நெரேத்வாவின் குளிர்ந்த நீரில் குதிப்பது பல நூற்றாண்டு மரபாகும். 1878இல் ஆஸ்திரியா-ஹங்கேரியின் ஆட்சிக்கு உட்பட்டு, முதல் உலகப் போருக்குப் பின் யூகோஸ்லாவிய அரசின் பகுதியான இந்நகரில், முஸ்லிம்களான பாஸ்னியாக்குகளும், கத்தோலிக்கர்களான குரோஷியரும், மரபுவழிக் கிறித்தவர்களான செர்பியரும் ஒரே தெருக்களில் குடியிருந்தனர். 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மோஸ்தார் நகராட்சிப் பகுதியில் வாழ்ந்த 1,26,628 பேரில் பாஸ்னியாக்குகளும் குரோஷியரும் ஏறத்தாழச் சமமாக நூற்றுக்கு 34 பங்கினர். செர்பியர் ஏறத்தாழ 19 பங்கினர். கலப்பு மணங்கள் மிகுந்த நகரங்களுள் ஒன்றாகவும் அது அறியப்பட்டிருந்தது.

யூகோஸ்லாவியா சிதறியபோது இக்கலப்பு இரண்டு கட்டங்களில் குலைக்கப்பட்டது. 1992 வசந்தத்தில் யூகோஸ்லாவிய மக்கள் படையும் செர்பியப் படைகளும் நகரை முற்றுகையிட்டன. குரோஷியரும் பாஸ்னியாக்குகளும் சேர்ந்து போரிட்டு அவற்றைப் பின்வாங்கச் செய்ததைத் தொடர்ந்து, நகரின் செர்பிய மக்களுள் பெரும்பாலோர் வெளியேறினர். 1993 மே மாதத்தில், குரோஷியப் பாதுகாப்புக் குழு எனப்பட்ட பாஸ்னியக் குரோஷியரின் படை, நேற்றுவரை உடன் நின்று போரிட்ட பாஸ்னியாக்குகள் மீது தாக்குதல் தொடுத்து, மேற்குக் கரையில் வாழ்ந்தவர்களைக் கிழக்குக் கரைக்குத் துரத்தியது. புல்வார் எனப்படும் அகன்ற சாலையும், மோஸ்தாரின் செர்பியக் கவிஞர் அலெக்ஸா ஷான்திச்சின் பெயர் தாங்கிய தெருவும் போர்முனைகளாயின. 1993 நவம்பர் 9 அன்று, குரோஷியப் படையின் டாங்கிக் குண்டுகள் தொடர்ந்து தாக்கியதில் பழைய பாலம் இடிந்து ஆற்றில் விழுந்தது.

1994 மார்ச்சில் கையொப்பமான வாஷிங்டன் உடன்படிக்கை இவ்விரு தரப்பினரின் போரை முடித்துவைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் நகர நிர்வாகத்தைத் தற்காலிகமாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, ஜெர்மனியின் பிரேமன் நகர முன்னாள் மேயர் ஹான்ஸ் கோஷ்னிக்கை நிர்வாகியாக அமர்த்தியது. ஆயினும் நகரம் உள்ளத்தால் இரண்டாகவே நின்றது. மூன்று குரோஷிய வட்டங்கள், மூன்று பாஸ்னியாக் வட்டங்கள், இடையே ஒரு சிறு பொது மண்டலம் என நிர்வாகம் கூறுபோடப்பட்டிருந்தது. இரண்டு பல்கலைக்கழகங்கள், இரண்டு மருத்துவமனைகள், இரண்டு தீயணைப்புப் படைகள் இயங்கின. கிழக்கே வெலேஷ், மேற்கே ஸ்ரின்ஸ்கி எனக் கால்பந்துச் சங்கங்களும் இரண்டாயின. 2004ஆம் ஆண்டில்தான், பாஸ்னியாவில் சர்வதேசச் சமூகத்தின் உயர் பிரதிநிதியாக இருந்த பேடி ஆஷ்டவுன் விதித்த நகரச் சாசனத்தால் ஆறு வட்டங்களும் கலைக்கப்பட்டு ஒரே நகராட்சி அமைந்தது. அதே ஆண்டு ஜூலை 23 அன்று பழைய முறைப்படி மீண்டும் கட்டப்பட்ட பாலமும் திறக்கப்பட்டது. 2005இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில், பாஸ்னியாவின் முதல் இடமாகச் சேர்க்கப்பட்டது. புரூஸ் லீ சிலை திறக்கப்பட்டது அதே 2005ஆம் ஆண்டின் இறுதியிலாகும்.

நினைவுச்சின்னங்களின் போட்டி

முன்னாள் யூகோஸ்லாவிய நிலப்பகுதியின் பொது நினைவுச்சின்னங்களை மூன்று படிவங்களாகப் பிரித்து நோக்குவது பொருத்தமாகும். முதலாவது, இரண்டாம் உலகப் போரில் நாசிகளையும் அவர்களுக்குத் துணைநின்ற உள்நாட்டு ஆட்சிகளையும் எதிர்த்துப் போரிட்ட பார்ட்டிசான் எனப்படும் கெரில்லாப் படையினரின் நினைவாக, யூகோஸ்லாவியத் தலைவர் மார்ஷல் டிட்டோவின் ஆட்சிக்காலத்தில் எழுப்பப்பட்டவை. இவற்றுள் தலையாயது என்று கூறத்தக்க பார்ட்டிசான் நினைவுக் கல்லறைத் தோட்டம் மோஸ்தாரிலேயே உள்ளது. பெல்கிரேடு நகரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் போக்தான் போக்தானோவிச் வடிவமைத்து, 1965இல் டிட்டோவால் திறந்துவைக்கப்பட்ட இத்தோட்டம், குன்றுச் சரிவில் அடுக்கடுக்காக ஏறிச்செல்லும் கல் மேடைகளால் ஆனது. மேடைகளில் பதிக்கப்பட்ட, ஒழுங்கற்ற வெட்டுருவம் கொண்ட கல்பலகைகளில் வீரர்களின் பெயர்கள் இனம், சமயம் எவற்றையும் காட்டும் குறி ஏதுமின்றி ஒன்றோடொன்று கலந்து பொறிக்கப்பட்டிருந்தன. சிலுவையோ பிறையோ செந்நட்சத்திரமோ முன்னிற்காத இவ்வடிவமைப்பே, பிற்காலத்தில் அத்தோட்டத்தின் மீது வெறுப்பை வரவழைத்தது என்பது வருந்தத்தக்கது. போரின்போதும் பின்னரும் அது பலமுறை சிதைக்கப்பட்டது. நாட்டின் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட பின்னரும், 2022 ஜூன் மாதத்தில் பெயர்ப்பலகைகளுள் மிகப் பெரும்பான்மையானவை உடைத்து நொறுக்கப்பட்டன.

இரண்டாவது படிவம், 1990களின் போருக்குப் பின் ஒவ்வோர் இனமும் தன் வெற்றியையும் தன் துயரத்தையும் மட்டும் அறிவிக்கும் வகையில் எழுப்பியவை. மோஸ்தாரில் இவை பெரும்பாலும் உயரத்தால் பேசின. நகரை நோக்கி நிற்கும், போர்க்காலத்தில் கிழக்குக் கரையின் மீது குண்டுகள் பொழியப்பட்ட ஹும் குன்றின் உச்சியில், 2000ஆம் ஆண்டில் 33 மீட்டர் உயரமுள்ள சிலுவை நிறுத்தப்பட்டது. போரில் அழிந்து மீண்டும் கட்டப்பட்ட பிரான்சிஸ்கன் தேவாலயத்தின் மணிக்கோபுரம், பழைய கோபுரத்தினும் பன்மடங்கு உயர்ந்து நூறு மீட்டரைத் தாண்டியது. கிழக்குக் கரையின் பள்ளிவாசல்களும் மினாரெட்டுகளோடு புதுப்பிக்கப்பட்டன. சமயக் கட்டடங்களைப் புதுப்பிப்பது எம்மக்களுக்கும் உரிய உரிமையே. ஆயினும் வானளாவிய அச்சிலுவை வழிபாட்டுக்கான தேவையைவிட எதிர்க்கரைக்கு விடுக்கப்பட்ட அறிவிப்பாகவே அங்குள்ளவர்களால் உணரப்பட்டது. தெருப்பெயர்களும் இப்போட்டிக்கு விலக்கல்ல. மேற்குக் கரைத் தெருக்கள் இடைக்காலக் குரோஷிய அரசர், பிரபுக்களின் பெயர்களைப் பெற்றன. நாசி ஜெர்மனியின் துணையுடன் குரோஷியாவை ஆண்ட உஸ்தாஷா ஆட்சியின் அமைச்சரான மிலே புடாக்கின் பெயர்கூட ஒரு தெருவுக்குச் சூட்டப்பட்டு, 2022இல்தான் நீக்கப்பட்டது.

மூன்றாவது படிவம், இவ்விரண்டையும் மறுத்து, அப்பகுதியின் வரலாற்றோடு தொடர்பற்ற உலக மக்கட்பண்பாட்டு நாயகர்களைப் பீடத்தில் ஏற்றியது. இப்படிவத்தின் தொடக்கம் மோஸ்தாரின் புரூஸ் லீயே. இதற்குப் பின் வந்தவை பலவும் இதன் வழியைப் பின்பற்றியவை. அவை கீழே தனியே கூறப்படுகின்றன.

எண்ணத்தின் தோற்றம்

சிலைக்கான எண்ணம் மோஸ்தார் நகர்ப்புற இயக்கம் என்னும் சிறு குடிமக்கள் குழுவிலிருந்து பிறந்தது. 2003இல் இக்குழுவைத் தொடங்கியவர்கள், மோஸ்தாரில் பிறந்த இருவர்: எழுத்தாளரான வெசெலின் கட்டாலோ, இத்தாலிய இலக்கிய அறிஞரும் கட்டுரையாளருமான நினோ ரஸ்புடிச். முன்னவர் செர்பியக் குடும்பத்தையும் பின்னவர் குரோஷியக் குடும்பத்தையும் சேர்ந்தவர்கள். ஸாக்ரெப் பல்கலைக்கழக ஆசிரியரான ரஸ்புடிச் பின்னாளில், 2020இல், குரோஷிய நாடாளுமன்ற உறுப்பினரானார்.

அவர்கள் எழுப்பிய கேள்வி எளியது, ஆனால் அந்நகரில் அதுவரை யாரும் உரக்கக் கேட்காதது: பாஸ்னியாக்குகள், குரோஷியர், செர்பியர் ஆகிய மூவருள் எவரையும் புண்படுத்தாமல், மூவரும் தம்முடையவர் என்று ஏற்கக்கூடிய ஒரு நாயகர் உண்டா? கவிஞர், அரசர், படைத்தலைவர், துறவி என உள்ளூர் வரலாற்றிலிருந்து எவரைத் தேர்ந்தாலும், ஒரு தரப்பின் வீரர் மறுதரப்பின் கொடியவராகவே இருந்தார். மொழியின் பெயரைக்கூட மூன்றாகப் பிரித்துக்கொண்ட நாட்டில், இலக்கியவாதிகளும் பொதுச்சொத்தாக எஞ்சவில்லை. இந்நிலையில், 1970களில் யூகோஸ்லாவியத் திரையரங்குகளில் ஒரே வரிசையில் அமர்ந்து சிறுவர்கள் கண்ட புரூஸ் லீயின் நினைவு ஒன்றே கூறுபோடப்படாமல் மிச்சமிருந்தது. படம் முடிந்து வெளியே வந்ததும் தெருமுனைகளில் அவரைப் போலவே கூச்சலிட்டு உதைத்துப் பழகிய அத்தலைமுறையே, இருபது ஆண்டுகள் கழித்து எதிரெதிர் அகழிகளில் துப்பாக்கியேந்தி நின்றது. தாம் என்றும் முஸ்லிம்களாகவும் செர்பியராகவும் குரோஷியராகவுமே இருக்கப்போவதாயினும், அனைவருக்கும் பொதுவாக உள்ளவர் புரூஸ் லீயே என்னும் கருத்தைக் கட்டாலோ வெளியிட்டார். லீயின் திரைப்பாத்திரங்களில் வெளிப்படும் நீதியுணர்வு, நேர்மை, கைத்திறன், நட்பில் உறுதி ஆகியவை போருக்குப் பிந்தைய மோஸ்தார் இழந்த பண்புகள் என்பது அமைப்பாளர்களின் நிலைப்பாடாகும்.

சிலர் இத்திட்டத்தை வெறும் கேலியாகக் கருதினர். வேலையின்மையும் வீடின்மையும் நிறைந்த நகருக்குக் குங் ஃபூ நடிகரின் சிலை எதற்கு என்னும் எதிர்ப்பும் எழுந்தது. ஆனால் அமைப்பாளர்களின் நோக்கம் இருமுகம் கொண்டது. பொது நினைவைக் கட்டுவது ஒன்று. பொது இடங்களை இனப்பெருமைக்குக் களமாக்கும் போக்கை விமரிசிப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே சிலையால் செய்ய முயன்றதே இதன் தனிச்சிறப்பு. சிரிப்பை வரவழைக்கும் தன்மை இத்திட்டத்தின் குறையன்று. ஒருவரையொருவர் நேர்நோக்கவும் தயங்கிய நகர மக்களைச் சேர்ந்து சிரிக்கச் செய்ததே அதன் வலிமை.

திட்டத்துக்கு நிறுவன ஆதரவு நாட்டின் தலைநகர் சரயேவோவிலிருந்து வந்தது. கலை வரலாற்றாளர் துன்யா பிளாஷெவிச்சின் தலைமையில் இயங்கிய சரயேவோ சமகாலக் கலை மையம், நினைவுச்சின்னங்களைக் கட்டுதலும் கட்டவிழ்த்தலும் என்னும் பொருளில் நடத்திய நீண்ட திட்டத்தின் ஒரு பகுதியாகப் புரூஸ் லீ சிலையை ஏற்றது. ஜெர்மனியின் கூட்டாட்சிப் பண்பாட்டு அறக்கட்டளை அதற்கு நிதியுதவி அளித்தது. இதே திட்டத்தின்கீழ் 2007இல் சரயேவோவில் நெபோய்ஷா ஷெரிச் அமைத்த சர்வதேசச் சமூகத்துக்கான நினைவுச்சின்னம், 1990களின் போரில் அந்நகர் முற்றுகையிடப்பட்ட காலத்தில் நிவாரணப் பொருளாக வழங்கப்பட்ட டின் இறைச்சியை மிகப்பெரிய அளவில் காட்டுகிறது. இரண்டு சின்னங்களும் போரை நேரடியாகக் காட்டாமல், போரை வாழ்ந்து கடந்தவர்கள் மட்டும் முழுதாக உணரக்கூடிய ஒரு பொருளைப் பீடத்தில் வைப்பதில் ஒன்றுபடுகின்றன.

நாயகரும் அவர்தம் கலையும்

புரூஸ் லீ 1940 நவம்பர் 27 அன்று சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பில் உள்ள மருத்துவமனையில், கான்டனிய இசைநாடக நடிகர் லீ ஹோய்-சுவனின் மகனாகப் பிறந்து, ஹாங்காங்கில் வளர்ந்தார். அங்கே இப் மானிடம் விங் சுன் என்னும், குறுகிய தூரத்தில் கைகளால் தாக்குதலைத் திசைதிருப்பி அதே கணத்தில் திருப்பித் தாக்கும் தென்சீனத் தற்காப்பு முறையைப் பயின்றார். 1959இல் அமெரிக்கா திரும்பி, இனவேறுபாடு பாராமல் அனைவருக்கும் கற்பித்தார். 1967இல் தம் முறைக்கு ஜீத் குன் டோ என்று பெயரிட்டார். எப்பள்ளியின் இலக்கணத்துக்கும் கட்டுப்படாமல் பயன்படும் எதையும் ஏற்று, பயனற்றதை விலக்கும் அணுகுமுறையே அதன் அடிப்படை. 1971 முதல் ஹாங்காங்கின் கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனத்துக்காக நடித்த படங்கள் அவரை ஆசியா முழுவதும் அறியச் செய்தன. 1973 ஜூலை 20 அன்று, எண்டர் தி டிராகன் படம் திரைக்கு வருவதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன், 32 வயதில் ஹாங்காங்கில் இறந்தார்.

சிற்பமும் நிறுத்தப்பட்ட முறையும்

சிற்பியல் நோக்கில் ஆளுருவச் சிலைகளை அளவைக் கொண்டு மூவகையாகக் கொள்ளலாம்: மனிதனின் இயல்பான உயரத்தை ஒத்த ஆளுயரச் சிலை, அதனினும் மிகுந்த மிகையளவுச் சிலை, கட்டடங்களோடு ஒப்பிடத்தக்க மாபெருஞ்சிலை. மோஸ்தார் சிலை முதல்வகையைச் சேர்ந்தது. 1.68 மீட்டர் உயரமே உள்ள அது, லீயின் உண்மையான உயரத்தை ஒட்டியது. தாழ்ந்த பீடத்தின் மீது நின்றதால், அருகே சென்றவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. 33 மீட்டர் சிலுவையும் நூறு மீட்டர் மணிக்கோபுரமும் தலைக்குமேல் நிற்கும் நகரில், கண்ணுக்குக் கண் நோக்கக்கூடிய உயரத்தில் ஒரு நாயகரை நிறுத்தியதை இச்சிலையின் மிகச் சிறந்த கலைமுடிவு என்று கருதத் தகும்.

ஃபியோலிச் லீயை வெற்று மேனியராக, தசைகள் தெளிவாகத் தெரிய, தற்காப்பு நிலையில் வடித்துள்ளார். நுன்சாக்கு, அதாவது குறுஞ்சங்கிலியாலோ கயிற்றாலோ பிணைக்கப்பட்ட இரு சிறு தடிகளால் ஆன ஒக்கினாவா மரபுக் கருவி, உருவத்தோடு சேர்த்து வார்க்கப்பட்டிருந்தது. தாக்கும் நிலை தவிர்க்கப்பட்டுக் காக்கும் நிலை தெரிந்தெடுக்கப்பட்டது தற்செயலானதன்று. ஓங்கிய கை யாரை நோக்கி ஓங்கியது என்னும் கேள்வி மோஸ்தாரில் உடனே எழும். பொன்முலாம் பூசியமையால் வெயிலில் மின்னிய மேனி, பூங்காவின் பச்சை நிறத்திடையே தொலைவிலிருந்தே புலப்பட்டது. வீரரை ஒளிவீசும் தெய்வமாக்கும் அரசியல் சிலைகளின் மரபையும் திரைநட்சத்திரத்தின் பளபளப்பையும் ஒருங்கே நினைவூட்டுவதாக அப்பொன்னிறம் அமைந்தது.

சிலையின் இடமும் திசையும் உருவத்தைப் போலவே ஆராய்ந்து தீர்மானிக்கப்பட்டன. ஸ்ரின்யெவாட்ஸ் எனப்படும் நகரப் பூங்கா, போர்முனையாக இருந்த புல்வாரை ஒட்டியே அமைந்தது. அதன் அருகே, உயிர்நீத்த ஸ்பானிய அமைதிப்படை வீரர்களின் நினைவாகப் பெயர் பெற்ற ஸ்பானியச் சதுக்கமும், ஆஸ்திரியா-ஹங்கேரிய ஆட்சிக்காலத்தில் அரபிய-மூரிய பாணியில் கட்டப்பட்ட பழைய ஜிம்னாசியம் என்னும் உயர்நிலைப் பள்ளியும் உள்ளன. போரில் எரிந்து சிதைந்த அப்பள்ளியில், 2004 முதல் குரோஷிய, பாஸ்னியாக் மாணவர்கள் ஒரே கூரையின்கீழ்த் தத்தம் பாடத்திட்டங்களைப் பயில்கின்றனர். இத்தகைய இடத்தில் சிலை கிழக்கு நோக்கி நின்றால் பாஸ்னியாக்குகளுக்கு எதிராகவும், மேற்கு நோக்கி நின்றால் குரோஷியருக்கு எதிராகவும் தற்காத்து நிற்பதாகப் பொருள்கொள்ளப்படும் என்பதால், அது வடக்கு நோக்கி நிறுத்தப்பட்டது. பிற நகரங்களில் பொதுவாகச் சிலையின் திசை சூரியனையோ பாதையின் போக்கையோ பொறுத்து அமையும். இங்கே அண்டை வீட்டாரின் ஐயத்தைப் பொறுத்து அமைந்தது.

திறப்பும் சேதமும்

2005 நவம்பர் 26 அன்று நடந்த திறப்பு விழா, ஐரோப்பிய, ஆசிய, அமெரிக்கச் செய்தி நிறுவனங்களின் கவனத்தை ஈர்த்தது. அன்று இரவே, திறந்துவைத்த சில மணி நேரத்துக்குள், இளைஞர்கள் சிலர் சிலையின் நுன்சாக்குவைப் பறித்துச் சென்றனர். பீடத்தைச் சுற்றி மது பாட்டில்கள் சிதறிக் கிடந்தன. இனவெறுப்பைவிடப் போதையே இச்சேதத்துக்குக் காரணம். சேதமடைந்த சிலை பின்னர்ச் சீரமைப்புக்காக அகற்றப்பட்டு, நீண்ட இடைவெளிக்குப்பின் 2013 மே மாத இறுதியில் பூங்காவுக்குத் திரும்பியது.

இடைப்பட்ட காலம் நகரின் அரசியலிலும் தேக்கமுற்ற காலமாகும். 2008ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப்பின், தேர்தல் விதிகள் குறித்து இரு பெருங்கட்சிகளும் உடன்பட இயலாமையால், 2020 டிசம்பர் 20 வரை மோஸ்தாரில் நகராட்சித் தேர்தலே நடைபெறவில்லை. 2013ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 1,05,797 மக்களைக் கண்டது. அவருள் செர்பியர் நூற்றுக்கு நான்கு பங்கினரே. மூவருக்கும் பொதுவான நாயகரைத் தேடியவர்கள், மூன்றாமவர் ஏறக்குறைய மறைந்துவிட்ட நகரிலேயே அவரைக் கண்டடைந்தனர் என்பதைக் குறிப்பிடாமல் விட இயலாது.

ஒத்த சிலைகள்

புரூஸ் லீக்கு எழுப்பப்பட்ட பிற சிலைகளுள் முதன்மையானது, 2005 நவம்பர் 27 அன்று, அவருடைய 65ஆம் பிறந்தநாளில், ஹாங்காங்கின் சிம் ஷா சுய் கடற்கரையில் உள்ள நட்சத்திர நடைபாதையில் திறக்கப்பட்டதாகும். சிற்பி சாவ் சோங்-என் வடித்த 2.5 மீட்டர் உயரமுள்ள இவ்வெண்கலச் சிலைக்கு, புரூஸ் லீ ரசிகர் மன்றம் நிதி திரட்டியது. லீயின் தம்பி ராபர்ட் லீ அதைத் திறந்துவைத்தார். விக்டோரியா துறைமுகத்தைப் பின்னணியாகக் கொண்டு பாயத் தயாராக நிற்கும் அது, மிகையளவுச் சிலை வகைக்குரியது. 2013 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் சீனர் குடியிருப்பில் திறக்கப்பட்ட ஏறத்தாழ 2.1 மீட்டர் உயரமுள்ள சிலையும் அவ்வகையினதே. லீயின் மூதாதையர் ஊரான குவாங்டோங் மாகாணத்து ஷுன்டே வட்டாரத்தில் நிற்கும் 18.8 மீட்டர் உயரச் சிலை, மாபெருஞ்சிலை வகையில் அடங்கும். இம்மூன்றும் தம் மண்ணின் மகனைப் போற்றும் சிலைகள். மோஸ்தார் சிலையோ தனக்கு எவ்வகையிலும் உரிமையில்லாத ஒருவரைத் தன்னவராக ஏற்றது. அவ்வகையில் அது ஏனையவற்றினும் உயர்ந்த மதிப்பீட்டுக்கு உரியது.

மோஸ்தாரின் முன்மாதிரி முன்னாள் யூகோஸ்லாவியப் பகுதியில் விரைந்து பரவியது. செர்பியாவின் ஷிட்டிஷ்தே ஊரில் 2007இல், சில்வெஸ்டர் ஸ்டலோன் நடித்த கற்பனைக் குத்துச்சண்டை வீரர் ராக்கி பல்போவாவுக்குச் சிலை எழுந்தது; வெள்ளமும் மண்சரிவும் மட்டுமே செய்தியாகிவந்த தம் ஊருக்கு வேறொரு முகம் வேண்டும் என்று அவ்வூரார் விரும்பினர். 2008இல் அதே வட்டாரத்தில் உள்ள பனாட்ஸ்கி சொகோலாட்ஸ் சிற்றூரில் ஜமைக்கா இசைக்கலைஞர் பாப் மார்லிக்குச் சிலை நிறுவப்பட்டது. கொசோவோவின் பிரிஷ்டினாவில் 2009இல் திறக்கப்பட்ட பில் கிளின்டன் சிலை வெளித்தோற்றத்தில் இவற்றை ஒத்திருப்பினும், 1999ஆம் ஆண்டு நேட்டோ தலையீட்டுக்கு ஓரினம் தெரிவித்த நன்றியாகையால், அதனை இரண்டாம் படிவத்திலேயே வைத்தல் முறை. ராக்கி, மார்லி சிலைகளுக்கும் மோஸ்தார் சிலைக்கும் இடையே கருத்தில் கொள்ளத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. அவை ஊரின் பெயரை வெளியுலகுக்கு அறிவிக்க எழுந்தவை. மோஸ்தார் சிலை ஊருக்குள் உள்ளவர்களை நோக்கியே எழுப்பப்பட்டது.

பிற்கால நிலை

2024 மார்ச் தொடக்கத்தில் சிலை பூங்காவிலிருந்து திருடப்பட்டது. விரைவிலேயே காவல்துறையினர் துண்டுகளாக வெட்டப்பட்ட நிலையில் அதனை மீட்டனர்.